கட்டாமல் விட்ட முன்வரிசை

உ
வட்டவளை,
17.3.63, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே மாரியம்மன் துணையில் நானும் அம்மாவும் இருமல் சளிகூட இல்லாமல் இருக்கிறோம், மட்டக்களப்புக் கடற்காற்றில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மா வேண்டிக்கொள்கிறாள், நான் பின்னால் நின்று தலையாட்டுகிறேன். உறையின் மேல் இருக்கும் கோணல் எழுத்தைப் பார்த்து வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதே. இது என் கையெழுத்துத்தான். இத்தனை மாதமும் அம்மா எழுதுவாள், கடைசியில் அப்பாவும் உன்னைக் கேட்டதாக ஒரு வரி சேர்ப்பாள், அந்த வரியை நான் சொல்லாமலே அவளே சேர்த்தாள் என்பது உனக்கும் தெரிந்திருக்கும். இன்றைக்கு நானே பேனாவைப் பிடித்திருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு விட்ட எழுத்து, அதுவும் இடது கை எழுத்து, பிழை இருந்தால் டீச்சரம்மா சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

முதலில் வீட்டு விஷயம். ராகலையில் உன் அக்கா லெட்சுமி சுகம், அவளுடைய குட்டிக்கு மேலே இரண்டு கீழே இரண்டு பல் வந்துவிட்டது, யார் விரலை நீட்டினாலும் கடித்துவிட்டுச் சிரிக்கிறது, அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள். மழை நின்று ஒரு வாரம் ஆகிறது, வட்டவளையில் ஒரு வாரம் வெயில் என்றால் உனக்கே நம்பிக்கை வராது, கதிரைக்குள் அடைக்கிற தேங்காய்த் தும்பு கிடந்ததையெல்லாம் உதறி ஸ்டேஷன் பக்கத்து மேட்டில் காயப் போட்டோம். நோன்புப் பெருநாளுக்கு மீராசாஹிப் நானா வீட்டிலிருந்து சாரா உம்மா பெரிய கிண்ணத்தில் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார், அம்மா உனக்கென்று ஒரு துண்டை எடுத்து மூடி வைத்துவிட்டு மூன்றாம் நாள் அழுதுகொண்டே அதை என்னிடம் கொடுத்தாள், நானும் வருத்தத்தோடுதான் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. வேலைக்கும் குறைவில்லை. கோயிலில் மாப்பிள்ளை பெண் உட்காரும் கதிரைக்குச் சிவப்பு வெல்வெட் அடித்துக் கொடுத்தோம், மூன்று கல்யாணம் அதில் நடந்துவிட்டது, மூன்று மாப்பிள்ளையும் நெளியாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று பூசாரி சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் செல்லசாமி ஐயாவுடைய பச்சைக் கதிரை போன மாதம் நம் பட்டறைக்குத் திரும்பி வந்தது. அந்தப் பெயரை வாசித்ததும் உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை வாசி. நடந்தது உனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் நான் என் கையால் முதலிலிருந்து எழுதினால்தான் அது சரியாக இருக்கும். போன வருஷம் தை மாதம் கிளாக்கர் ஐயா மகளுடைய பரிசத்துக்காக அந்தக் கதிரையைப் புதுப்பித்துக் கொடுத்தோம். பரிசத்தன்று தட்டு மாற்றுகிற நேரத்தில் ஐயா தாம்பூலத் தட்டோடு அதில் உட்கார, உள்ளே ஸ்பிரிங் கட்டிய நூல் அறுந்து, ஒரு ஸ்பிரிங் துணியைக் கிழித்துக்கொண்டு எழும்பி, ஐயாவும் எழும்பி, வெற்றிலை ஒரு பக்கம் தேங்காய் ஒரு பக்கம் உருண்டு, சம்பந்தி வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஐயா பட்டறை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். அப்போது மீராசாஹிப் நானா கடைக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்திருந்தார், தோட்டத்து லாரி டிரைவர் பழனியாண்டியும் நின்றான். அவர்கள் எல்லாருக்கும் முன்னால் நான் என்ன சொன்னேன்? ஐயா, ஸ்பிரிங் கட்டுனது நான் இல்லீங்க, புள்ளதாங்க, பொம்பளப் புள்ள கையில எவ்வளவு இறுக்கம் வரும், இனிமே அவ கையில நூலே குடுக்க மாட்டேங்க என்றேன். நீ அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு குஷனுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாய். வளைந்த ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்தாய், கையைத் துடைத்தாய், உள்ளே போனாய். தையல் டீச்சர் வேலைக்கு வந்திருந்த கடிதம் பெட்டிக்குள் இருந்தது, வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன், அந்த வாரமே ரயில் ஏறிவிட்டாய். போகும்போது காலில் விழுந்து கும்பிட்டாய், பேசவில்லை. அதற்குப் பிறகு தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, ஒவ்வொரு விடுமுறைக்கும் ஹாஸ்டல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மாவுக்கு எழுதினாய். ஹாஸ்டல் பிள்ளைகளும் விடுமுறைக்கு வீட்டுக்குத்தான் போவார்கள் என்பது எனக்குத் தெரியாதா.

ஐயா அந்தக் கதிரையை ஒரு வருஷமாகக் கோபத்தில் ஸ்டோர் அறையில் போட்டிருந்தாராம். இப்போது கல்யாணம் முடிந்து மருமகன் முதல் வருஷப் பிறப்புக்கு வீட்டுக்கு வருகிறார், கூடத்தில் அந்தக் கதிரை இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று ஐயா வீட்டு அம்மணி சொல்லிவிட்டாராம். பழனியாண்டியின் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஐயா சொன்னது, மூக்கா, முழுசா பிரிச்சிப் புதுசாக் கட்டு, அந்தப் புள்ள கை மட்டும் இதுல படக் கூடாது என்றுதான். அந்தப் புள்ள மட்டக்களப்புல டீச்சருங்க ஐயா என்று சொல்லிவிட்டு வாய்க்குள் ஆணியைப் போட்டுக்கொண்டேன். வாயில் ஆணி இருந்தால் பேச வேண்டியதில்லை, நம் தொழிலில் உள்ள பெரிய வசதி அது ஒன்றுதான்.

அன்றைக்கு அம்மா சந்தைக்குப் போயிருந்தாள், பட்டறையில் நான் மட்டும். மேல்துணியைக் கழற்றி, தும்பை அள்ளிப் போட்டு, சாக்கை வெட்டித் திறந்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்றாக ஒன்பது ஸ்பிரிங். பின்வரிசையும் நடுவரிசையும் நேற்றுக் கட்டினது போல் நிமிர்ந்து நிற்கின்றன பூரணி! கையால் அமுக்கினேன், முழங்காலால் அமுக்கினேன், ஸ்பிரிங் மேலேயே ஏறி நின்றேன், ஒரு முடிச்சு அசையவில்லை. பக்கத்துச் சட்டத்தின் உள்ளே கட்டினவர் பெயரை எழுதி வைக்கும் நம் பட்டறை வழக்கப்படி பென்சிலால் பூரணி 19.1.62 என்று நீ எழுதியிருந்தாய். அறுந்து கிடந்தது முன்வரிசை. அதன் நூலை எடுத்துப் பார்த்தேன். மெழுகு பூசிய கொழும்பு நூல் இல்லை, தேயிலைக் கொழுந்துச் சாக்கின் வாயைத் தைக்கிற சணல். வட்டவளை ஈரத்தில் அந்தச் சணல் மூன்று வாரம் நிற்காது, இறுக்கி இழுத்தால் அதற்கு முன்னாலேயே போய்விடும், இது தெரியாத ஆள் ஆணி அடிக்கக்கூடத் தகுதி இல்லாதவன் என்று எத்தனை பேரை நான் ஏசியிருக்கிறேன். அறுந்து மீதி இருந்த முடிச்சைத் திருப்பிப் பார்த்தேன். அது இடது பக்கமாக விழுந்திருந்தது. உன் முடிச்சு வலது பக்கம் விழும். இந்த வட்டவளையில் இடது பக்கம் விழுகிற முடிச்சைப் போடுகிற பீச்சாங்கைக்காரன் யார் என்று கடிதத்தில் எழுத வேண்டிய அவசியமில்லை.

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு ஞாபகம் வந்தது. முன்வரிசைக்கு நூல் தீர்ந்துபோக, மீராசாஹிப் நானா கடைக்கு உன்னை அனுப்பினேன். ஜும்மா தொழுகை நேரம், கடை அடைத்திருந்தது, நீ அங்கேயே காத்து நின்றாய். இங்கே கதிரையை ஏற்றிப்போக வந்த பழனியாண்டி லாரி ஹாரனை அடித்து அடித்து என் பொறுமையைக் கெடுத்தான். கொழுந்துச் சாக்கிலிருந்து சணலை உருவி நானே மூன்று ஸ்பிரிங்கையும் கட்டி, தும்பை வைத்துத் துணியை இழுத்து ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டேன். நீ மூச்சு வாங்க ஓடிவந்து, அப்பா, முன்வரிசைய எதுல கட்டுனீங்க என்று கேட்டாய். என் வாய் நிறைய ஆணி. கையை ஆட்டி உன்னை அந்தப் பக்கம் போகச் சொன்னேன். அவ்வளவுதான், லாரி போய்விட்டது, அதோடு எனக்கும் மறந்துவிட்டது. நல்லபடியாக நடந்ததெல்லாம் நான் செய்தது, கெட்டுப்போனதெல்லாம் பிறர் செய்தது என்று நினைவு வைத்துக்கொள்கிற தலை எனக்கு. முன் சட்டத்தில் என் பெயரை எழுதாமல் விட்டதும் அந்த அவசரத்தில்தான், எழுதியிருந்தால் ஐயா சத்தம் போட்ட அன்றைக்கே எனக்கு ஞாபகம் வந்திருக்கும்.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்ததே, அதை எப்படி எழுதுவது. என் மகள் கட்டினது அறவில்லை! அறுந்தது நான் கட்டினது! ஆளில்லாத பட்டறையில் அந்தக் கதிரையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. பிறகு பென்சிலை எடுத்து முன் சட்டத்தின் உள்பக்கத்தில், அறுந்த முன்வரிசை மூக்கன் கட்டினது, சாக்குச் சணலில் கட்டினது, பூரணி மேல் பிழை இல்லை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் பாரமெல்லாம் இறங்கின மாதிரி இருந்தது. அம்மா சந்தையிலிருந்து வந்ததும் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஏங்க, இதுக்கு மேல சாக்கு அடிச்சி, தும்பு வச்சி, துணி போட்டு மூடப் போறீங்க, இருபது வருசத்துக்கு யாரும் தொறக்க மாட்டாங்க, இது அவளுக்கு எப்படிங்க தெரியும், அவ என்ன கதிரைக்குள்ளயா குடியிருக்கா என்று கேட்டாள். அதற்குப் பிறகு மரக்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், அவளுக்கு அன்னிக்கே தெரியுங்க, சணல் துண்டு மேசைக்குக் கீழ கெடந்துச்சாம், உங்க முடிச்சையும் பாத்தாளாம், எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா, அப்பாகிட்ட சொல்லாதம்மா, அத்தனை பேருக்கு முன்னுக்கு அவர் தல குனிஞ்சா எனக்குத் தாங்காதுன்னா என்று. பூரணி, உன் அம்மா வீரம்மா பதின்மூன்று மாதம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் அவளோடு சண்டை போட்டேன், எனக்குச் சண்டை போட நியாயம் இல்லை என்பது பாதியில் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். நீ பேசாமல் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு உள்ளே போனதை நான் இவ்வளவு நாளும் திமிர் என்று நினைத்திருந்தேன் கண்ணு.

அம்மா சொன்னது போல் கதிரைக்குள் எழுதினால் போதாது என்று தெரிந்துகொண்டேன். எந்த இடத்தில் சொன்னேனோ அந்த இடத்தில், யார் காதில் விழுந்ததோ அவர்கள் காதில் விழச் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் பட்டறைக்கு வரச் சொன்னேன், விஷயத்தைச் சொல்லவில்லை. அதுவே பெரிய கூத்தாகிவிட்டது. கிளாக்கர் ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், பழனியாண்டி தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்தான், மீராசாஹிப் நானா கையில் ஒரு பெட்டி மஸ்கட் அல்வா, என்ன மூக்கன், மகளுக்கு மாப்பிள சரிவந்திட்டா, சாரா உம்மா வெறுங்கையோட போக வாணாம்னு சொல்லிட்டா என்கிறார். மூன்று பேரையும் உட்கார வைத்து, கதிரையைத் திறந்தபடியே நடுவில் வைத்து, சணலைக் கையில் கொடுத்து, முடிச்சைக் காட்டி, நான் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, ஐயா, அறுந்தது என் கைங்க, புள்ள கட்டுனது இன்னும் அப்படியே நிக்குதுங்க, நான் சொன்னது தப்புங்க என்றேன். பழனியாண்டி சணலைப் பார்த்துவிட்டு, அண்ணே, அப்ப என் ஹாரனுக்கும் இதுல பங்கு இருக்குண்ணே என்று தலையைச் சொறிந்தான். ஐயா குனிந்து பின்வரிசையைக் கையால் அமுக்கிப் பார்த்தார், திரும்பத் திரும்ப அமுக்கினார். ஒரு வருசமா அந்தப் புள்ளய ஊரெல்லாம் ஏசிட்டேனேடா மூக்கா, இப்ப ஊரெல்லாம் போயி திருத்திச் சொல்லணுமே, எனக்கு முழங்கால் வலி வேற என்றார். பிறகு அவரே முதலில் சிரித்தார். ஐயா வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்த்ததில்லை, பரிசத்தன்று தேங்காய் உருண்டு சம்பந்தியின் காலடியில் நின்ற கதையை அவரே நடித்துக் காட்டினார், மஸ்கட் பெட்டி காலியாகும் வரை எல்லாரும் சிரித்தோம். கல்யாணம் இல்லாமலே மஸ்கட் தின்ற முதல் கூட்டம் நாங்கள்தான் என்று நானா சொன்னார்.

அதோடு முடியவில்லை. போகும்போது ஐயா, தோட்டத்து ஸ்டாப் கிளப்பில் பன்னிரண்டு கதிரை பள்ளம் விழுந்து கிடக்குது, அதுங்கள அந்தப் புள்ள கையாலதான் கட்டணும், உன் பீச்சாங்கை பக்கத்துல வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அது ஏச்சாகவே தெரியவில்லை, அன்றைக்கு ராத்திரி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்து நூலைப் பிடி என்று நான் சொல்லவில்லை, நீ அங்கே இருபது பிள்ளைகளுக்குக் கை பழக்குகிறாய் என்பதை அம்மாவிடம் கடிதத்தை வாங்கி ஒளித்து வாசிக்கிற எனக்குத் தெரியும், எனக்குப் பெருமைதான். கிளப் கதிரைகள் ஆகஸ்ட் விடுமுறை வரை காத்திருக்கும், உனக்கு விருப்பம் இருந்தால் கட்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் ஐயாவுடைய பச்சைக் கதிரை வருஷப் பிறப்புக்குள் போக வேண்டும். முன்வரிசைக்கு அடியில் மட்டும் ஸ்பிரிங்கைத் தாங்குகிற நாடாவை மாற்றிவிட்டேன், பின்வரிசையையும் நடுவரிசையையும் தொடவில்லை, தொட வேண்டிய அவசியமும் இல்லை. முன்வரிசையைக் கட்டவில்லை. நூல் வாங்கி வைத்திருக்கிறேன், மெழுகு பூசி இரண்டு நாள் காய வைத்தாயிற்று, கட்டுவதற்கு எனக்கு அரை மணி நேரம் போதும், ஆனாலும் கட்டவில்லை. இந்தப் புள்ள வரலைன்னா என்ன செய்வ மூக்கா என்று ஐயா கேட்டார். அப்ப மருமகன ஸ்டூல்லதான் உக்கார வைக்கணுங்க என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, நானே மட்டக்களப்புக்கு ஒரு கடிதம் போடவா என்று கேட்டார். வேண்டாங்க ஐயா, அது நான் எழுத வேண்டியது என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

திறந்து கிடக்கும் கதிரையைப் பார்த்துவிட்டு நம் சிவப்புக் கோழி முன்வரிசைப் பள்ளத்தில் ஏறிக்கொண்டது, நேற்று ஒரு முட்டை இன்று ஒரு முட்டை, உள்ளே உதிர்ந்து கிடக்கும் தும்பு கதகதப்பாக இருக்கிறதுபோல. அது அடைகாக்கத் தொடங்குவதற்கு முன்னால் நீ வந்தால் நல்லது, கிளாக்கர் வீட்டு மருமகனுக்குக் குஞ்சோடு கதிரை கொடுக்க முடியாது.

பள்ளிக்கூடம் மூடியதும் ராத்திரி மெயிலில் ஏறினால் பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு வண்டிக்கு மாற வேண்டும், தூங்கிவிடாதே, தூங்கினால் கொழும்பில்தான் முழிப்பாய். உப்புக் கருவாடு கொண்டுவரச் சொல்லி அம்மா எழுதச் சொல்கிறாள், அதைத் துணிப் பெட்டிக்குள் வைக்காதே. கம்பளிச் சட்டையைக் கையோடு வைத்துக்கொள், நாவலப்பிட்டி தாண்டினதும் போட்டுக்கொள், நான் ஸ்டேஷனில் நிற்பேன். முன் சட்டத்தில் நான் பென்சிலால் எழுதினதற்குக் கீழே, திரும்பக் கட்டினது என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை, வேறு யார் பெயரையும் எழுத எனக்கு மனசு இல்லை. மாரியம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல், கையில் பலத்தோடு, நூறு வருஷம் வைத்திருக்க வேண்டும். அம்மா முத்தம் சொல்கிறாள், அக்காவின் குட்டி கடி சொல்கிறது.

இப்படிக்கு,
முன்வரிசையைச் சாக்குச் சணலில் கட்டிய
உன் அப்பா,
க. மூக்கன்